மூட்டைக்குப் போட்ட மை

முதலில் காலைத்தான் பார்த்தார்கள். சேந்தமங்கலத்துக் கிட்டங்கிச் சுவர் ஓரமாக எங்களை வரிசையாகக் குந்த வைத்தார்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று காலை நீட்டச் சொன்னார். வெடிப்பு இருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்று கையில் வைத்திருந்த குச்சியால் தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பின்பக்கம் வந்து கழுத்தையும் தோளையும் அழுத்தினார். மாடு பிடிக்கிறவன்கூட மாட்டின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். இவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அந்த வருஷம் எனக்கு எதுவுமே பெரிதாகப் படவில்லை.

யுத்தக் காலம் அது. பர்மா அரிசி வருவது நின்று, எல்லாவற்றுக்கும் கன்ட்ரோல் வந்திருந்தது. சர்க்கார் வாங்குகிற தானியத்தை அடுக்கி வைத்துக் காக்க ஒருவர் குத்தகை எடுத்து, ஊர்க் கோடியில் தகரக் கூரை போட்ட பெரிய கிட்டங்கி ஒன்றைக் கட்டியிருந்தார். மூட்டை இறக்க, அடுக்க, மறுபடியும் லாரியிலும் வண்டியிலும் ஏற்ற ஆள் வேண்டும் என்று சந்தையில் தமுக்கு அடித்தார்கள். எழுத்து தெரிய வேண்டாம், உடம்பு இருந்தால் போதும், கூலியில் ஒரு பங்கு அரிசியாகவே தருவோம் என்றார்கள். நான் மலையை விட்டு இறங்கியது அந்த அரிசிக்காகத்தான்.

எங்கள் ஊர் மலைமேல் திருப்புலி நாட்டில் இருந்தது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அடுத்தடுத்துச் சாமை பொய்த்துவிட்டது. மிளகு இருந்தது, வாங்க ஆள் இல்லை. மிளகைக் கரைத்துக் குடித்து எத்தனை நாள் இருப்பது? காட்டுக் கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றோம். எங்களுக்கு முதலில் பிறந்த ஆண் பிள்ளை, தாய்க்குப் பால் இல்லாமல், கையகலத்துக்குச் சுருங்கி இறந்துபோனான். அவனைப் புதைத்துவிட்டு வந்து அன்றைக்கே நான் வேலி கட்டினேன். அழவில்லை. என் மனைவியும் கொஞ்ச நாள் அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டாள். இப்போது மறுபடி அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமானால் அவள் வாய்க்குச் சோறு வேண்டும். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

கால் பார்த்து முடிந்ததும் ஒரு கணக்குப்பிள்ளை முன்னால் நிறுத்தினார்கள். ஊர் எது என்றார். திருப்புலி நாடு என்றேன்.

"அது எங்கப்பா இருக்குது?"

"மேலங்க."

"மேலயா? அங்க எல்லாரும் ஒரு நாளைக்குப் போகத்தானே போறோம்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "சரி, இந்த ஊருல உன்னைத் தெரிஞ்ச ஆளு யாரு?"

அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு மாமனோ சித்தப்பனோ அங்கே இருந்தார்கள். எனக்கு மிளகு வாங்குகிற ஒரு வியாபாரியைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியுமா என்று சொல்ல முடியாது. யாரும் இல்லை என்றேன். கணக்குப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். மேஸ்திரிதான், "கெடக்கட்டும், தூக்குறானான்னு பார்ப்போம்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

தூக்கிப் பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. உள்ளே மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு அட்டி என்று பெயர். அட்டியின் உச்சிக்கு ஒரு நீளப் பலகையைச் சாய்த்திருந்தார்கள். வண்டியிலிருந்து ஒரு நெல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, அந்தப் பலகைமேல் ஏறிப் போய், தையல் பிரியாமல் உச்சியில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். மூட்டை சரிந்தால் வெளியே. பலகையில் கால் தடுமாறினால் வெளியே. நடுவில் நின்று மூச்சு வாங்கினாலும் வெளியே.

எனக்கு முன்னால் அடிவாரத்து ஆள் ஒருவர் நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கட்டடத்துக்கு மண் சுமந்து பிழைத்தவர். வரிசையில் குந்தியிருந்தபோது எனக்கு வெற்றிலை கொடுத்திருந்தார். அவர் பலகையில் பாதி தூரம் ஓட்டமாகப் போனார். பிறகு இருமல் வந்தது. மூட்டை கழுத்திலிருந்து நழுவி, அவர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி குச்சியால் வாசல் பக்கம் காட்டினார். அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்து நான். பலகை அசையும் என்பதால் மற்றவர்கள் எல்லாரும் ஓடித்தான் ஏறினார்கள். எனக்கு ஓடத் தெரியாது. மலையில் சுமையோடு ஓடுகிறவன் வீடு போய்ச் சேர மாட்டான். முட்டியை மடக்கி, பாதத்தை முழுசாகப் பதித்து நடந்தேன். "ஓடுறா, ஓடுறா" என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார். நான் நடந்தேன். உச்சியில் மூட்டையை முதுகோடு சாய்த்து மெல்ல இறக்கிவிட்டுத் திரும்பினேன். எங்களுக்குச் செங்குத்தாக ஏறுவது புதிதா என்ன? வேலை கிடைத்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"மலையாளு நடந்தே போறான் பாரு. நல்ல கழுத்து" என்று மேஸ்திரி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு, தேறியவர்களை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். முன் தடவை ஆள் எடுத்தபோது, எடுத்தவர்களைவிட அதிகம் பேர் மறுநாள் வந்து 'என்னையும் எடுத்தீர்கள்' என்று சாதித்தார்களாம். அதனால் இந்தத் தடவை ஓர் ஏற்பாடு. மூட்டைக்குக் குறி போடுவதற்கு ஒரு சட்டியில் கறுப்பு மை இருந்தது. கீல் கலந்தது, தார்போல வாசனை அடிக்கும். நசுக்கிய ஈச்ச மட்டையை அதில் தோய்த்து, ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுப்பார்கள். அதே மட்டையால், அதே மையால், எங்கள் வலது முழங்கையின் கீழே அதே வட்டத்தையும் கோட்டையும் போட்டார்கள்.

"நாளன்னைக்கு விடியறப்ப வாங்க. குறி இருந்தா உள்ள. இல்லாட்டி இல்ல. வாரம் ஒரு தடவை புதுசா வெப்போம்" என்றார் மேஸ்திரி.

என் முறை வந்தபோது கையை நீட்டினேன். நீட்டும்போதே எனக்குத் தெரியும், இது வீட்டில் ஆகாது என்று. எங்கள் ஆட்கள் பச்சை குத்திக்கொள்வதில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. கீழ்நாட்டில் பச்சை குத்துகிற பெண்கள் ஊசியோடு ஊர் ஊராகப் போவார்கள். எங்கள் ஊர் எல்லைக்கு வந்தால் ஒரு படி ராகி கொடுத்து அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவோம். உடம்பில் குறி விழுந்த ஆளை எங்கள் குலதெய்வம் பெரியசாமி தன் ஆள் என்று எடுத்துக்கொள்ளாது, அப்படிப்பட்ட ஆள் வாசலை மிதித்தால் அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்குப் பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மை சில்லென்று இருந்தது.

மனைவியிடம் சொல்லிவிட்டுக் கம்பளியை எடுத்து வருவதற்காக அன்று மதியமே மலையேறினேன். வழியில் ஓடையில் கையைக் கழுவிப் பார்த்தேன். மணலை வைத்துத் தேய்த்தேன். மை அப்படியே இருந்தது. நல்ல மை. எத்தனை மழை நனைந்தாலும் மூட்டையில் நிற்க வேண்டும் என்று செய்தது, என் கையில் மட்டும் நிற்காதா?

வெயில் தாழும் நேரத்தில் எங்கள் வாசலுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே போகவில்லை. என் மனைவி முறத்தோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, வேலை கெடைச்சுதுங்களா?"

"கெடைச்சுது."

"அரிசி தராங்களா?"

"தராங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அப்போதுதான் கையைப் பார்த்தாள். இரண்டு எட்டுப் பின்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வயிற்றில் இருந்ததை நினைத்துத்தான் பின்னால் போனாள். ஏற்கெனவே ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள்.

என் அப்பா பட்டியிலிருந்து வந்தார். கத்துகிற மனிதர் இல்லை. என் கையை எட்ட நின்றே பார்த்தார்.

"குத்துனாங்களா, தடவுனாங்களா?"

"தடவுனதுதானுங்க. எடுத்த ஆளுக்கு அடையாளமாம்."

"தண்ணிக்குப் போவுதா?"

"போவலீங்க."

"அப்ப குத்துனதா தடவுனதான்னு பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? சாமிக்கு எப்படித் தெரியும்?"

"இது இல்லைன்னா உள்ள உடமாட்டாங்க."

"அந்த மேஸ்திரி உன்னைக் கண்ணால பார்த்தானா?"

"பார்த்தாரு."

"நீ மூட்டை தூக்குனதைப் பார்த்தானா?"

"பார்த்தாரு. நல்ல கழுத்துன்னு சொன்னாரு."

"அப்புறம் குறி என்னத்துக்குடா? பார்த்தவனுக்குத் தெரியாதா?"

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு அது நியாயமான பேச்சு. மலையில் ஒருவன் ஒருவனைப் பார்த்துவிட்டால் பார்த்ததுதான். ஓர் ஆட்டை வளர்ப்புக்குக் கொடுத்தால், வாங்கினவன் முகம் போதும். காதை அறுத்து அடையாளம் வைக்க மாட்டோம். வேறு நாட்டுக்காரனாக இருந்தாலும், பல வருஷம் கழித்துத் திருவிழாவில் பார்த்து, 'ஆடு எப்படி இருக்குது' என்று கேட்போம், அவனும் சொல்லுவான். என் தோளை அழுத்தி, என் நடையைப் பார்த்து, வாயால் புகழ்ந்த மனிதர் இரண்டு நாளில் என்னை மறந்துபோவார் என்று என் அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்பா ஆமணக்கெண்ணெயைத் தடவி, அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். நான் வாசலில் உட்கார்ந்து கையைக் கொடுத்தேன். மை போகத் தொடங்கியபோது தோலும் கூடவே போயிற்று. எரிச்சல் இருந்தது. கை வேறு யாருடையதோ போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சிவந்த சதைதான் மிச்சம். அப்பா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போ, உள்ள போ" என்றார். என் மனைவி கிழங்கு வைத்துக் கொடுத்தாள். நான் தின்றேன்.

சொன்ன நாளில் விடிவதற்குள் கிட்டங்கி வாசலில் கம்பளியோடு நின்றேன். காவல்காரர் ஒருவர் கதவின் ஒரு பாதியை மட்டும் திறந்து வைத்திருந்தார். வருகிறவன் கையைத் தூக்கிக் காட்டுவான், அவர் தலையை ஆட்டுவார், உள்ளே போவான். நானும் தூக்கினேன்.

"குறி எங்க?"

"அழிஞ்சுபோச்சுங்க. மேஸ்திரிக்குத் தெரியுமுங்க. அவரைக் கேளுங்க."

மேஸ்திரி உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார். வந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"யாருப்பா நீ?"

"அன்னைக்குப் பலகையில நடந்தே போனேனுங்க. ஓடாம. நீங்ககூட நல்ல கழுத்துன்னு சொன்னீங்க."

"நூறு கழுத்தைப் பார்க்கறேன். மலையாளுங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. குறி இருந்தா வா, இல்லாட்டி அடுத்த தடவை ஆள் எடுக்கறப்ப வந்து வரிசையில நில்லு."

"இன்னொரு தடவை வேணும்னா தூக்கிக் காட்டறேனுங்க."

"அடுத்த தடவை" என்றார். போய்விட்டார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதன் மனிதனைப் பார்த்துவிட்டு எப்படித் தெரியாமல் இருக்க முடியும் என்று அந்த வாசலில் நின்று யோசித்தேன். கோபம்கூட வரவில்லை. ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். திரும்பி மலையேறி என் மனைவியிடம் என்ன சொல்வது என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அப்பா சொன்னதைக் கேட்டு அழித்தேன், வேலை போயிற்று என்றா? அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். கிழங்கு தோண்டப் போய்விடுவாள். அவளுடைய கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டது, வயிறு மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் வெற்றிலை கொடுத்த அந்த அடிவாரத்து ஆள் வந்தார். பலகையில் முட்டி போட்டவர், குச்சியால் வெளியே காட்டப்பட்டவர். கையைத் தூக்கினார். வட்டமும் கோடும் கறுப்பாக இருந்தன. காவல்காரர் தலையை ஆட்டினார். அவர் உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ஏனுங்க மலைக்காரரே, நீங்கதானே அன்னைக்கு எனக்குப் பின்னால நின்னீங்க? மொளகாப் பழமாட்டம் கை செவந்து கெடக்குது, என்னாச்சு?"

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை.

"எம்பட கையில இருக்கறது வெளக்குக் கரியும் வெளக்கெண்ணெயும். அன்னைக்கு வெளிய வந்தவங்க கையைப் பார்த்து எம்பட ஊட்டுக்காரி போட்டு உட்டா" என்றார். "மூட்டை தூக்குன உங்களுக்கு இல்லாத குறி எனக்கு எதுக்குங்க? ஆனா எனக்கும் ஊட்டுல வாயி இருக்குது. வாங்க, எங்கூடு பக்கத்துலதான் இருக்குது. உங்களுக்கும் போட்டு உடச் சொல்றேன். மத்தியானத்து லாரி வாரப்ப கூட்டத்தோட உள்ள போயிடலாம்."

நான் உடனே எழுந்திருக்கவில்லை. கிட்டங்கியில் விடுப்பு என்று எதுவும் இல்லை. சந்தை நாளில் மட்டும் மதியம் வரை ஓய்வு. மலையேறி இறங்க அந்த நேரம் போதாது. போதுமென்றாலும், அழித்தால் வேலை இல்லை, அழிக்காவிட்டால் வாசல் இல்லை. கையில் மை இருக்கிற வரை நான் வீட்டுக்குப் போக முடியாது, மை இருக்கிற வரைதான் வீட்டுக்கு அரிசி போகும். இதை நான் அங்கேயே, அந்தச் சுவரடியிலேயே தெளிவாக யோசித்துவிட்டேன். பின்னால் யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் சிவந்த தோலைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். வலிக்காமல் வரைந்தாள்.

வாரக் கடைசியில் மேஸ்திரி உண்மையான மையால் அதன்மேலேயே புதிதாக வைத்தார். அதற்குப் பிறகு என் கையில் இருந்தது அசல்தான். அடிவாரத்து ஆளும் நானும் ஜோடியாகத் தூக்கினோம். அவருக்கு இருமல் வரும்போது நான் பாரத்தை என் பக்கம் வாங்கிக்கொள்வேன். இரவில் கிட்டங்கித் தாழ்வாரத்தில் மற்ற ஆட்களோடு படுத்துக்கொண்டேன். மூட்டைகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் நான் எழுத்து கற்றேன். இன்று இதை எழுதுகிறேன் என்றால் அந்த வகையில் கிட்டங்கிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சந்தை நாளில் என் மச்சினன், என் மனைவியின் தம்பி, கீழே வந்து அரிசியை வாங்கிக்கொண்டு போவான். கல்யாணமானவன், பொறுப்பானவன். நடந்ததை அவனிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த சந்தைக்கு அப்பாவின் பதில் வந்தது.

"மாமா, வேலையை உட வேண்டாம்னு பெரியவரு சொன்னாருங்க. ஆனா குறியோட மேல வர வேண்டாமாம். புள்ளை பொறந்தா, அதுக்குப் பெரியசாமிகிட்ட முடி எறக்குற வரைக்கும் அந்தக் கை படக் கூடாதாம்."

"சரி" என்றேன்.

அரிசி போயிற்று. வாரா வாரம் போயிற்று. அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாள், முகம் தெளிந்திருக்கிறது என்று மச்சினன் சொல்வான். ஒரு சந்தையன்று, பெண் பிறந்திருக்கிறது, பால் இருக்கிறது என்றான். நான் அவன் கையிலிருந்த காலிச் சாக்கை வாங்கிக்கொண்டு அரிசிச் சாக்கைக் கொடுத்தேன். பால் இருக்கிறதா என்று இன்னொரு தடவை கேட்டேன். இருக்கிறது என்றான். அன்று மத்தியானம் எத்தனையோ மூட்டை தூக்கினேன். அழுகை வந்தால் வரட்டும் என்று இருந்தேன். அதுவும் வரவில்லை.

இன்னொரு தடவை அவன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். அரிசி வருகிற சாக்கை உதறி, நாலாக மடித்து, அதில்தான் குழந்தையைப் படுக்க வைக்கிறார்களாம். மெத்தென்று இருக்கிறதாம். அந்தச் சாக்கில் வட்டமும் கோடும் இருக்குமே என்றேன். "ஆமாங்க மாமா, இருக்குது" என்றான். எனக்குக் கோபம் வந்தது. சாக்கில் இருக்கிற குறி வீட்டுக்குள் போகலாம், பிள்ளைக்குக் கீழே விரிக்கலாம், நான் போகக் கூடாது. எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கோபம் வந்ததில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். மறுநாள் அது போய்விட்டது. மேல் அட்டியில் வேலை இருந்தது.

குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு, என் மனைவி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பியோடு சந்தைக்கு இறங்கி வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. சந்தைக்கு வெளியே புளிய மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவிக்குக் கன்னம் வைத்திருந்தது. குழந்தைக்குக் கையிலும் காலிலும் மடிப்பு விழுந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படி மடிப்பு விழுந்த பிள்ளையை நான் வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை. முடி இன்னும் இறக்கவில்லை, நெற்றியில் வந்து விழுந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"இளைச்சுப்போயிட்டீங்க" என்றாள்.

"நீ தேவலாம்."

"ஆமாங்க."

நான் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முந்தின நாள்தான் புது மை வைத்திருந்தார்கள். அவள் குழந்தையை நடுவில் தரையில் விட்டாள். அது என்னைப் பார்த்தது. பயப்படவில்லை. மண்ணில் தவழ்ந்து நேராக என்னிடம் வந்து, என் முட்டியைப் பிடித்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, அடுத்த காலையும் ஊன்றி எழுந்து நின்றது.

"அடி ஆத்தா" என்றாள் என் மனைவி. "இது வரைக்கும் நின்னதே இல்லீங்க."

அது நின்றது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கையை எடுத்தது. அடுத்ததையும் எடுத்துவிட்டது. முட்டி ஆடத் தொடங்கியது.

"ஏனுங்க, புடிங்க" என்றாள் என் மனைவி. நான் அவளைப் பார்த்தேன். அவள் என் அப்பா சொன்னதையும் பெரியசாமியையும் மறந்து சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னாள். "புடிங்கன்னு சொல்றேனில்ல, உழுந்துரும்."

கையை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை பின்னாலேயே இருந்தது. மேஸ்திரியும் தடுக்கவில்லை, அப்பாவும் அங்கே இல்லை, தடுத்திருக்க வேண்டியவளே பிடி என்கிறாள். என் கை வரவில்லை. குழந்தை அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, தலை மண்ணில் பட்டு, ஒரு விநாடி சும்மா இருந்துவிட்டு அழுதது.

என் மனைவி வந்து தூக்கிக்கொண்டாள். மண்ணைத் தட்டிவிட்டாள். அடி ஒன்றும் பெரிதில்லை. "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல" என்று அதனிடம் சொன்னாள். என்னையே பார்த்தாள். வாசலில் மேஸ்திரி பார்த்ததுபோல, முகம் முழுக்கத் தேடினாள். பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கிட்டங்கியில் லாரி ஹாரன் அடித்தது. நான் எழுந்து மூட்டை தூக்கப் போனேன்.